மறு: டவுன் ஜாக்கெட்டுக்குத் தமிழ் – தூவியங்கி

வணக்கம்.

கொழும்பில் ஓர் ஆடை நிறுவனம் பெண்களுக்கான குளிர்கால உடை வரிசைக்கு இம்முறை தமிழிலும் விளக்கம் போடுகிறது. ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நம் பெண்களுக்காக. எழுதுவது நான். கம்பளி, சால்வை எல்லாம் சுலபம். வாத்தின் மென்மயிர் அடைத்துத் தைக்கும் டவுன் ஜாக்கெட்டில்தான் நிற்கிறேன்.

அதற்கு இந்தக் குழுவில் வந்த முதல் பரிந்துரை ‘இறகுச் சட்டை’. எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்குச் சட்டை என்றால் கவுன். ஜாக்கெட் என்றே விட்டால் சென்னையில் அது ரவிக்கை. அங்கி இரு கரைக்கும் பொது.

இறகு இன்னும் பெரிய சிக்கல். உள்ளே அடைப்பது வாத்தின் வெளி இறகுக்கு அடியில் வளரும் மென்மயிர். அதற்குத் தண்டு கிடையாது. ஒவ்வொரு கொத்தும் எல்லாப் பக்கமும் விரிந்து காற்றைப் பிடித்து வைக்கும்; குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். இறகு அப்படி விரியாது, தண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியேயும் வரும். அதனால்தான் உடைச் சீட்டில் மென்மயிருக்கும் இறகுக்கும் உள்ள விகிதத்தை 80/20, 90/10 என்று பிரித்துப் போடுகிறார்கள். நாம் இரண்டையும் இறகு என்றால் வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த மென்மயிருக்கு நம்மிடம் ‘தூவி’ என்ற சொல் இருக்கிறது. குறள் 1120இல் பெண்ணின் பாதத்துக்கு ‘அன்னத்தின் தூவி’கூட நெருஞ்சிப் பழமாய் உறுத்தும். எனவே தூவியங்கி. இது மலையேறிகளின் உடை மட்டுமல்ல: 1937இல் ஆடை வடிவமைப்பாளர் சார்ல்ஸ் ஜேம்ஸ் வெள்ளைச் சாட்டினில் தூவி அடைத்துப் பெண்களுக்கு மாலைநேர அங்கி தைத்தார். லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சொல்லும் அந்த அழகோடு இருக்கவேண்டும்.

அப்புறம் ‘ஃபில் பவர்’. ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்ற கணக்கு. 550, 700, 800 என்று வரும். ‘பொங்களவு’ எப்படி?

---

அக்கா, தூவியங்கி நன்று. ஆனால் அகராதியில் தூவிக்கு இறகு என்றும் பொருள் உண்டே? பொங்களவும் இடிக்கிறது. உடைச் சீட்டில் ‘அளவு’ என்றால் எஸ், எம், எல்தான். ‘அளவு 12, பொங்களவு 700’ என்று பார்த்தால் யாரும் குழம்புவார்கள். ‘பொங்குதிறன்’ என்றால்?

---

பொங்குதிறன் சரி தம்பி, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

தூவிக்கு இறகு என்ற பொருள் இருப்பது உண்மை. ஆனால் இன்று பேச்சில் இறகைத் தூவி என்பவர் இல்லை. புழக்கம் விட்டுப்போன சொல்லை ஒரு பொருளுக்கு மட்டும் நிறுத்துவது கலைச்சொல்லில் வழமைதான். முதல் பக்கத்திலேயே ‘தூவி: தண்டில்லாத மென்மயிர்’ என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன்.

பொலியெஸ்ரர் இழை அடைத்த அங்கிகளும் வரிசையில் உண்டு. நனைந்தால் தூவி ஒட்டிப்போய்ச் சூடு இழக்கும், இழை அவ்வளவாக இழக்காது. அவற்றைத் தூவியங்கி என்று எழுதவே கூடாது. ‘இழையங்கி’ என்றால் நெய்த துணி எல்லாமே இழைதான். ‘பொதியங்கி’ என்று நினைக்கிறேன், பஞ்சு பொதிந்தது போல. மாற்றுச் சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.