முனையத்தில் ஓடுகிறது, இரவில் க்ரானில் ஓடவில்லை: எடைச்சீட்டு ஸ்கேன்களுக்கு உதவி தேவை

மண்டிக்கணக்கு:
வணக்கம். ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அன்றன்றைய எடைச்சீட்டுகளை மாலையில் ஸ்கேன் செய்து ஒரு கோப்புறையில் போட்டுவிடுவேன். அவற்றை ஓசிஆர்மைபிடிஎஃப் (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நிரல்) கொண்டு தேடக்கூடிய பிடிஎஃப் கோப்புகளாக்கி, தேதியிட்ட ஒரே கோப்பாகக் கட்டி, வெளி வட்டில் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) கையால் இயக்கினால் ஒழுங்காக ஓடுகிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் க்ரானில் போட்டால் எதுவுமே நடப்பதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. அவசரம், தயவுசெய்து உதவவும்.

பென்னாகரத்தான்:
முதலில் இரவு முழுவதும் கணினி அணையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் க்ரான் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும். மறுநாள் கணினியைத் திறந்ததும் நினைவாகச் செய்து முடிக்க அனக்ரான் வேண்டும். எங்கள் பக்கம் இரவில் மின்சாரம் போய்ப் போய் வருவதால் நான் எல்லாவற்றையும் அனக்ரானுக்கு மாற்றிவிட்டேன்.

காவேரிப்பட்டணத்தார்:
ஓசிஆர்மைபிடிஎஃப் எழுத்தைப் படிக்கப் பயன்படுத்தும் டெசராக்ட் என்ற நிரலை நிறுவும்போது ஆங்கிலத் தரவு மட்டுமே உடன் வரும். தமிழுக்கான தரவுப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். நீங்கள் நிறுவினீர்களா? என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பாலக்கோட்டு ஆசிரியர்:
தமிழ்ப் பொதி இல்லையென்றால் முனையத்திலும் ஓடியிருக்காது, ஐயா. கேட்டவருக்கு: எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு? ஓசிஆர்மைபிடிஎஃப்பை இயங்குதளத்தின் நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவினீர்களா, பைத்தானின் நிறுவியான பிப் வழியாகவா? க்ரான்டேப் (க்ரானின் வேலைப் பட்டியல்) வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு ஓட வேண்டும்? இவற்றைச் சொல்லாமல் யார் சொல்வதும் ஊகமாகத்தான் இருக்கும்.

தகடூரான்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்து பதிலும் பெற்றுவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை மட்டும் யாருக்கும் இருப்பதில்லை. உங்கள் முனையத்துக்குத் தெரிந்த பாத் (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) க்ரானுக்குத் தெரியாது. பிப் வழியாக நிறுவிய நிரல் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும், க்ரான் அதைக் கண்டுபிடிக்காது. முழுப் பாதையையும் எழுதுங்கள். அதைவிட, க்ரானை விட்டொழித்துவிட்டு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமருக்கு வாருங்கள். உபுண்டு 2015இலேயே சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது, நாம்தான் மாறவில்லை.

மண்டிக்கணக்கு:
லுபுண்டு 22.04. ஆப்ட் வழியாகத்தான் நிறுவினேன், தமிழ்ப் பொதியும் இருக்கிறது. கணினி இரவு முழுவதும் ஓடுகிறது, யூபிஎஸ் உண்டு. முழுப் பாதை எழுதிப் பார்த்தும் பயனில்லை.

ஓசூர்க்காரன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கணினியிலிருந்து அச்சிட்ட சீட்டையே மறுபடி ஸ்கேன் செய்து, அதிலிருந்து எழுத்தை மறுபடி பிரித்தெடுப்பது வீண் வேலை அல்லவா? பில் மென்பொருளிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் எடுத்துவிட்டால் இந்த இழைக்கே தேவை இருக்காதே.

மண்டிக்கணக்கு:
எடைமேடைக்குச் சொந்தமாக ஒரு சிறிய அச்சுப்பொறி இருக்கிறது. அதைக் கணினியோடு இணைக்க வழியில்லை. சீட்டு வெப்பத்தாளில் வருகிறது. விவசாயி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஊர் திரும்பினால் சில வாரங்களில் எழுத்து வெளுத்துவிடும். பிறகு தொகையில் சந்தேகம் வந்து அவர் திரும்பி வரும்போது, அந்த நாள் எடையை எங்கள் பக்கத்திலிருந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது.

காவேரிப்பட்டணத்தார்:
சீட்டில் விவசாயியின் பெயரைப் பேனாவால் எழுதுவார்களே, அதை டெசராக்ட் படிக்காது. அச்செழுத்துக்குப் பழக்கப்பட்ட கருவி அது. வெப்பத்தாளின் மங்கலான எழுத்தென்றால் 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்வது நல்லது.

மண்டிக்கணக்கு:
பெயர் வேண்டாம், சீட்டு எண்ணை வைத்தே தேடிக்கொள்வோம். அது சரியாக வருகிறது.

பாலக்கோட்டு ஆசிரியர்:
க்ரான்டேப் வரியை இன்னும் நீங்கள் காட்டவில்லை. கணினியின் பதிவேடான சிஸ்லாக் கோப்பில் க்ரான் என்று தேடி, அந்த நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

மண்டிக்கணக்கு:
கைப்பேசியிலிருந்து எழுதுவதால் அப்படியே ஒட்ட முடியவில்லை, விவரமாகச் சொல்கிறேன். ஸ்கிரிப்ட் என்று தனிக் கோப்பு எதுவும் இல்லை. முழுக் கட்டளையையும் க்ரான்டேப் வரியிலேயே எழுதியிருக்கிறேன். ஸ்கேன் கோப்புறைக்குள் நுழைவது, ஓசிஆர்மைபிடிஎஃப், கடைசியில் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார். டார் கோப்பின் பெயரில் நாள் வருவதற்காக டாலர் குறியும் அடைப்புக்குறியும் இட்டு, உள்ளே தேதியைத் தரும் டேட் கட்டளையை வைத்திருக்கிறேன். சிஸ்லாக்கில் இரவு 12.30க்கு அந்த வரி தெரிகிறது, ஆனால் டேட் என்ற சொல்லையும் கூட்டல் குறியையும் தாண்டி ஒன்றுமில்லை, பாதியில் நிற்கிறது. அடுத்த வரியில் எம்டிஏ நிறுவப்படவில்லை, வெளியீடு கைவிடப்பட்டது என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் இருக்கிறது.

பாலக்கோட்டு ஆசிரியர்:
அந்த அரைகுறை வரியே விடையைச் சொல்லிவிட்டது. கூட்டல் குறிக்கு அடுத்து நீங்கள் எழுதியிருப்பது சதவீதக் குறி (%). க்ரான்டேப் வரியில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு: முதல் சதவீதக் குறியோடு கட்டளை முடிந்துவிட்டதாகக் க்ரான் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் உள்ளதை அந்தக் கட்டளைக்கான உள்ளீடாக அனுப்பிவிடும். எனவே திறந்த அடைப்புக்குறி மூடப்படாமலே வரி, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லிடம் போய்ச் சேர்கிறது. வரி முழுவதும் இலக்கணப் பிழையாகிவிடுவதால், டார் மட்டுமல்ல, அதற்கு முன்னால் உள்ள ஓசிஆர்மைபிடிஎஃப்கூடத் தொடங்குவதில்லை. முனையத்தில் இந்த விதி கிடையாது, அதனால்தான் அங்கே ஓடுகிறது. பிழைச் செய்தியும் இல்லாமல் இல்லை. க்ரான் அதை அஞ்சலில் அனுப்பப் பார்த்தது. உங்கள் கணினியில் அஞ்சல் அனுப்பும் நிரல் இல்லாததால் தூக்கி எறிந்துவிட்டது. நீங்கள் பார்த்த அந்த ஆங்கில வரி அதைத்தான் சொல்கிறது.

ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்டாலே போதும். ஆனால் என் பரிந்துரை, முழுக் கட்டளையையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, இயக்க அனுமதி கொடுத்து, க்ரான்டேப்பில் அந்தக் கோப்பின் பாதையை மட்டும் வைப்பதுதான். கோப்புக்குள் சதவீதக் குறி சாதாரணக் குறியாகவே இருக்கும். வரியின் கடைசியில் வெளியீட்டையும் பிழையையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிட்டால், அடுத்த முறை சிஸ்லாக்கைத் துழாவ வேண்டியிருக்காது.

தகடூரான்:
நான் சொன்னது இதனால்தான். நாற்பது ஆண்டுக்கு முந்தைய விநோத விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு எத்தனை காலம் ஓட்டுவீர்கள்? சிஸ்டம்டி டைமரில் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

பென்னாகரத்தான்:
வந்திருக்கும், அண்ணா. சிஸ்டம்டி கோப்பிலும் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. அங்கே அதை இரட்டையாக எழுத வேண்டும். போதாததற்கு, அங்கே கட்டளை நேரடியாக ஷெல் வழியாக ஓடாததால், இவர் எழுதிய டாலர் அடைப்புக்குறி வேலையே செய்யாது.

தகடூரான்:
ஷெல்லை வெளிப்படையாக அழைத்தால் வேலை செய்யும். தவிர, டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற ஒரு வரி போட்டால், நீங்கள் தூக்கிப் பிடிக்கும் அனக்ரானும் தேவைப்படாது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் பிழையும் தானாகப் பதிவாகும்.

பென்னாகரத்தான்:
பிழை பதிவாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது பெரிய வசதிதான். ஆனால் ஒரு வரியில் முடிகிற வேலைக்கு இரண்டு கோப்புகள் எழுதச் சொல்வதை மண்டியில் கணக்கு எழுதுகிறவரிடம் எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

தகடூரான்:
சரியாகச் செய்ய வேண்டும் என்றால் எழுதத்தான் வேண்டும்.

ஓசூர்க்காரன்:
உங்கள் இருவருக்கும் தனி இழை ஒன்று தொடங்கலாம். கேட்டவர் என்ன ஆனார்?

மண்டிக்கணக்கு:
தனி ஸ்கிரிப்டாக மாற்றினேன், ஓடிவிட்டது. நன்றி ஐயா. ஒரே ஒரு குறை, நேற்றைய சீட்டுகள் இன்றைய தேதியில் சேர்ந்திருக்கின்றன. பகலில் கையால் இயக்கியபோது இப்படி வந்ததில்லை.

பாலக்கோட்டு ஆசிரியர்:
12.30 என்பது நள்ளிரவைத் தாண்டிவிட்டதல்லவா, தேதி மாறியிருக்கும். நேரத்தை இரவு 11க்கு மாற்றுங்கள். இல்லையென்றால், டேட் கட்டளையில் டி என்ற விருப்பத்தோடு யெஸ்டர்டே என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கோப்பை இன்றிரவு ஓடுவதற்கு முன் பெயர் மாற்றிவிடுங்கள். மறந்தால், நேரத்தை மாற்றிய பிறகு இன்றைய சீட்டுகள் அதே பெயரில் வந்து நேற்றையதன்மேல் எழுதப்பட்டுவிடும்.