மடக்குக்கத்தி, வில்லுக்கத்தி, பூட்டுக்கத்தி: பெயர்களைப் பிரித்து வைப்போம்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற சிறிய கத்திக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று நம் கலைச்சொல் தொகுப்புக்காகத் தொடங்கிய இந்த உரையாடல் இழையில், மடிகத்தி, பைக்கத்தி, பேனாக்கத்தி, சூரி, சத்தகம், வில்லுக்கத்தி என்று வரிசையாகப் பெயர்கள் வந்துவிட்டன. எது அழகு, எது சுருக்கம் என்றுதான் இதுவரை பெரும்பாலும் பேசியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இருந்து நான் சொல்ல வருவது வேறு. இங்கே ஒரு பெயர் போதாது. விரித்த கத்தியை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. கத்தி திடீரென்று மடங்கி விரலை வெட்டுமா வெட்டாதா என்பதும் அதில்தான் இருக்கிறது.

முதலில் பொதுப்பெயர். இதில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. மடக்குக்கத்தி என்று இங்கேயும் சொல்கிறோம், தமிழ்நாட்டிலும் சொல்கிறார்கள். மதுரை ஐயா மடிகணினியைக் காட்டி மடிகத்தி என்றார். மடியும் கத்தி, வேட்டி மடியில் செருகிக்கொள்ளும் கத்தி என இரண்டு பொருளும் அதில் வருவது உண்மையிலேயே அழகு. ஆனால் ஐயா, மடிகணினி வந்தபோது அந்தப் பொருளுக்குத் தமிழில் பெயரே இருக்கவில்லை. மடக்குக்கத்திக்குப் பெயர் ஏற்கெனவே சனங்களின் வாயில் இருக்கிறது. இருக்கிற சொல்லை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தால் அகராதியில் ஒன்று, கடையில் ஒன்று என்று ஆகிவிடும்.

சத்தகம் என்று எழுதிய தம்பிக்கும் ஒரு சொல். சத்தகம் எங்கள் ஊரில் இன்றும் உயிரோடு இருக்கிற சொல். பனையோலை வார்ந்து பெட்டி, பாய், கடகம் இழைக்கிறவர்கள் கையில் இருக்கும் சிறு கத்தி அது, மடங்காது. நீளத் தடியின் நுனியில் கட்டி முருங்கைக்காயும் மாங்காயும் அறுப்பதற்குக் கொக்கச்சத்தகம் இருக்கிறது. ஒரு தொழிலோடு இவ்வளவு இறுக்கமாக ஒட்டிய சொல்லைப் பிடுங்கி வேறு பொருளுக்குக் கொடுத்தால், ஓலை இழைக்கிறவர்களின் கருவிக்குப் பெயர் இல்லாமல் போகும். சூரியும் பிச்சுவாவும் வேண்டவே வேண்டாம். இரண்டும் ஆளைக் குத்துகிற ஆயுதங்களின் பெயர்கள். பார்சலில் ஒட்டிய நாடாவை அறுக்கவும் மாம்பழம் சீவவும் வைத்திருக்கும் ஒன்றுக்கு அந்த வாடை எதற்கு?

இனி வில்லுக்கத்தி. என் வாதம் எல்லாம் இந்தச் சொல்லில்தான்.

யாழ்ப்பாணத்தில் வில் என்றால் அம்பு விடும் வில் மட்டும் இல்லை. ஸ்பிரிங் எதுவானாலும் வில்தான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த எல்லோரும் விற்றராசை, அதாவது ஸ்பிரிங் தராசைப் பிடித்துப் பார்த்திருப்பார்கள். ஆகவே வில்லுக்கத்தி என்பது ஸ்பிரிங் வைத்த கத்தி. பழைய மடக்குக்கத்திகளில் பிடியின் முதுகு நெடுக ஒரு தடித்த உருக்குப் பட்டை இருக்கும். அது அலகின், அதாவது வெட்டும் பாகத்தின், அடிப்பக்கத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அலகின் அடி சதுரமாக வெட்டப்பட்டிருப்பதால், விரித்தாலும் மடித்தாலும் அந்தத் தட்டையான பக்கம் பட்டையில் படிந்து நிற்கும். நடுவழியில் மட்டும் மூலை உந்தும். அதைத் தாண்டியதும் டக்கென்று போய் அமரும். பூட்டு என்று அதில் ஒன்றும் கிடையாது. அலகின் முதுகில் அழுத்தினால் மடங்கிவிடும். கதவைச் சும்மா சாத்தி வைப்பதற்கும் திறாங்கு (தாழ்ப்பாள்) போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இதற்கும் பூட்டுள்ள கத்திக்கும்.

ஆங்கிலத்தில் ஸ்லிப்ஜொயின்ற் என்பது சரியாக இந்த வகையைத்தான். விக்டோரினொக்ஸ் நிறுவனத்தின், மடித்தால் 58 மில்லிமீற்றர் நீளமான சின்னக் கத்தியும், பலர் வைத்திருக்கும் 91 மில்லிமீற்றர்க் கத்தியும் இந்த வகையே. பின்னாளில் விக்டோரினொக்ஸ் ஆன, சுவிற்சர்லாந்தின் ஈபாக்கில் கார்ல் எல்செனர் 1884 இல் தொடங்கிய பட்டறை 1891 இல் அந்நாட்டுப் படைக்கு முதல் கத்திகளைக் கொடுத்தது. இன்றும் அந்த அளவுகளில் பெரிய அலகுக்குப் பூட்டு இல்லை. அவர்களுடைய 111 மில்லிமீற்றர் வகைகள் பலவற்றில் பூட்டு உண்டு. எனவே வில்லுக்கத்தி என்ற சொல்லை இந்த வகைக்கு மட்டும் என்று வரையறுத்து வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டும் வலுவானவை.

ஒன்று, பூட்டுள்ள கத்திகளிலும் ஸ்பிரிங் இருக்கிறதே, அவற்றையும் ஏன் வில்லுக்கத்தி என்று சொல்லக்கூடாது என்பது. எங்கள் நகரத்துக் கடையில் வில்லுக்கத்தி என்று கேட்டாலும் மடங்குகிற எதையும் எடுத்துத்தான் வைப்பார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் கடையில் ஒரு சொல் பரந்து புழங்குவதும், கலைச்சொல்லாக அதற்கு ஓர் எல்லை கட்டுவதும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. பூட்டுள்ள கத்தியில் வில்லின் வேலை ஒரு தடுப்பைத் தள்ளிவிடுவது மட்டும். அலகைத் தாங்குவது அந்தத் தடுப்பு. வில்லுக்கத்தியில் தாங்குவதே வில்தான். எது தாங்குகிறதோ அதன் பெயரை வைப்போம்.

இரண்டாவது மறுப்பு சென்னையில் இருந்து அக்கா எழுதியது. வில்லுக்கத்தி என்று படித்தால், பொத்தானை அமுக்கியதும் ஸ்பிரிங் தானாகவே அலகை வெளியே எறியும் கத்திதான் தன் நினைவுக்கு வருகிறது என்றார். இது கவனிக்க வேண்டிய ஆபத்து. அந்த வகைக் கத்தியைப் பிரித்தானியா 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் விற்கவே தடை செய்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வாசிக்கிறவர் சிக்கலில் மாட்டுவார். தானாகப் பாய்வதற்கு விசைக்கத்தி என்று தனிப்பெயர் கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். விசையை அமுக்கினால் விரிவது விசைக்கத்தி, கையால் விரித்தால் வில் பிடித்துக்கொள்வது வில்லுக்கத்தி. கலைச்சொல் தொகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும்.

சரி, பூட்டுள்ளவை. பொதுவாகப் பூட்டுக்கத்தி. அதற்குள் நான்கு வகைக்கு இப்போது பெயர் தேவை. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையம் இருக்கும். விரித்த பிறகு வளையத்தைத் திருப்பினால் அலகு நகராது. 1955 இல் அந்தக் குடும்பத்தவரான மார்செல் ஒப்பினெல் சேர்த்தது. இது வளையப்பூட்டு, இதில் யாருக்கும் பிணக்கு இராது. பிடியின் முதுகில் நெம்பு போல ஒரு பாகம், அதன் கொளுக்கி அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் விழுந்து பிடிப்பது முதுகுப்பூட்டு. 1960களில் அமெரிக்காவின் பக் நிறுவனத்துக் கத்தியால் பரவலானது இது.

லைனர் லொக் என்பதற்குத்தான் இழுபறி. பிடிக்குள்ளே இரு பக்கமும் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். அதில் ஒன்றைக் கீறி உள்நோக்கி வளைத்து விட்டிருப்பார்கள். அலகு முழுதாக விரிந்ததும் அந்தத் தகடு துள்ளி அலகின் அடிக்குப் பின்னால் போய் நிற்கும். இன்றைய வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கல் வோக்கர் செய்தார். உள்ளுறைப்பூட்டு என்று ஒருவர் எழுதினார். உறை என்றால் கத்தியை வைக்கும் உறைதான் முதலில் ஞாபகம் வரும், கத்தியைப் பற்றிய சொல்லில் அது கூடாது. தகட்டுப்பூட்டு போதும். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு இல்லாமல் பிடியின் ஒரு பக்கமே அப்படி வளைந்து பூட்டினால், அதற்குப் பிடிப்பூட்டு என்கிறேன். இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. பூட்டுக்குப் பிடி என்றும் அது படலாம்.

தகட்டுப்பூட்டை விடுவிக்கும்போது பெருவிரல் அலகின் பாதையில் நிற்கும். மடிக்கத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. பெயர் பிரிந்திருந்தால், தகட்டுப்பூட்டு என்று சொல்லும்போதே இந்த எச்சரிக்கையையும் கூடவே சொல்லலாம்.

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை என்பதற்கு இன்னொரு காரணம். எங்கள் வீடுகளில் பாதிப்பேர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மடக்குக்கத்தியைத் தனிக்காரணம் காட்டாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பூட்டு இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்று அங்குள்ள நீதிமன்றம் பின்னர் தீர்த்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமா இலண்டனில் படிக்கும் மருமகனுக்கு ஒரு மடக்குக்கத்தி வாங்கிக் கொடுக்க நினைத்தால், கேட்க வேண்டியது வில்லுக்கத்தி. பூட்டுக்கத்தியைக் கொடுத்தால் பெடியன் பொலிசில் பதில் சொல்ல வேண்டி வரும். (அங்கே கொண்டு போவதும் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள்தான், கைப்பையில் வைக்க வேண்டாம்.)

ஊரில் இருப்பவருக்கு எது நல்லது என்றும் கேட்டிருந்தார்கள். தோட்டத்திலோ படகிலோ அழுத்தி வேலை செய்கிறவருக்குப் பூட்டு வேண்டும். உரப்பை நூல் அறுக்க, கயிறு வெட்ட, பழம் சீவ என்றால் வில்லுக்கத்தி தாராளம். அலகு 6, 7 சென்ரிமீற்றர் போதும். நுங்கு வெட்டவும் வாழைக்குலை வெட்டவும் இது இல்லை, அதற்கு வீட்டில் பெரிய கத்தி இருக்கிறது. உருக்கைத் தேர்வதில் மட்டும் கடலை மறக்கக் கூடாது. கரையோரக் குருநகரிலும் பாசையூரிலும் மட்டுமில்லை, குடாநாட்டில் எங்கே இருந்தாலும் உப்புக்காற்று எட்டும். சாதாரண காபன் உருக்கு கூராக நிற்கும், தீட்டவும் சுலபம், ஆனால் மாங்காய்ப் பால் பட்டால் கறுத்துவிடும், துடைக்காமல் விட்டால் கறள் (துரு) பிடிக்கும். ஒப்பினெல் இரண்டு உருக்கிலும் வருகிறது. இங்கே வாங்குவதென்றால் கறையில் உருக்கையே (ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்) எடுங்கள். அதன் பிடி பீச் மரம், மாரியில் ஈரத்துக்கு ஊதி அலகை இறுக்கிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலுக்குத் துருவேறா எஃகு என்று தமிழ்நாட்டில் எழுதுகிறீர்கள். எங்கள் பாடநூல்களில் கறையில் உருக்கு. தொகுப்பில் இரண்டையும் போடுவோம், ஒன்றுக்காக மற்றதை அழிக்க வேண்டாம்.

அலகில் பெருவிரலால் தள்ளி விரிக்கும் சிறு முளைக்கு ஒருவர் திறப்புக்குமிழ் என்று முன்மொழிந்தார். நண்பரே, இலங்கையில் திறப்பு என்றால் சாவி. திறப்புக்குமிழ் என்றால் சாவியின் தலைப்பக்கம் என்றுதான் இங்கே விளங்கும். விரற்குமிழ் என்று வைத்தால் இரு கரைக்கும் பொருந்தும். 1981 இல் ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனம் அலகில் போட்ட வட்டத் துளைக்கு விரற்றுளை. புணர்ச்சி கடினம் என்றால் விரல்துளை என்று எழுதுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். நகத்தால் இழுக்கும் பழைய பள்ளம் நகக்குழி. பையின் ஓரத்தில் கொழுவி வைக்கும் கிளிப்புக்குக் கவ்வி.

எவ்ரிடே கரி, அதாவது நாளாந்தம் கூடவே கொண்டு திரியும் சாமான்கள் என்ற முழுக் கருத்துக்கும் அன்றாடச் சுமப்பு என்று எழுதியிருந்ததைப் படித்தேன். சுமப்பு பாரமான சொல். பையில் இருப்பதே தெரியாத ஒன்றைச் சுமக்கிறோம் என்று யார் சொல்வார்கள்? ஒரு சாமானைக் கேட்கும்போது கைவசம் இருக்கோ என்றுதான் கேட்கிறோம். எனவே கைவசப்பொருள், கைவசக்கத்தி. ரோர்ச், பேனை, திறப்புக்கோர்வை எல்லாம் கைவசப்பொருளுக்குள் அடங்கும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடம்பின் பாகங்களுக்கும் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கும் தமிழில் பெயர் தேடியவர்கள் நடந்த ஊர் இது. சின்னக் கத்தியின் ஏழெட்டுப் பாகங்களுக்குப் பெயர் வைப்பது எங்களால் முடியாத காரியம் இல்லை.

எனவே மடக்குக்கத்தி பொதுப்பெயராகவும், வில்லுக்கத்தி, பூட்டுக்கத்தி, விசைக்கத்தி மூன்றும் அதன் வகைகளாகவும் தொகுப்பில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிடிப்பூட்டை மட்டும் இன்னும் முடிவு செய்ய வேண்டாம். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், கத்தியைக் கையில் கொடுத்து, இந்தப் பக்கம் வளைந்து பூட்டுவதை என்னவென்று சொல்லுவீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். நானும் இங்கே கேட்டு வரும் கிழமை எழுதுகிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்தில் இருந்து