புது டெவலப்பர்களுக்கு டாக்கர்: முதலில் எதைக் காட்டலாம்?

கீற்று (கேள்வி)
டீமுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அரை நாளில் டாக்கர் (ஆப்பை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி, கன்டெய்னர் என்ற தனி இடத்தில் ஓட்டும் கருவி) சொல்லித்தர வேண்டும். பைத்தானும் அதில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ளாஸ்க்கும் நன்றாகத் தெரியும், லினக்ஸ் ஓரளவு. "குட்டி விர்ச்சுவல் மெஷின்" (கணினிக்குள் தனி ஓஎஸ்ஸோடு ஓடும் இன்னொரு கணினி) என்று ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் கைவைத்ததும் கன்டெய்னர் ஏன் உடனே நின்றது, டேட்டா எங்கே போனது, பிரவுசரில் ஏன் வரவில்லை என்று திணறுகிறார்கள். எந்த வரிசையில் போகலாம்? எதை விட்டுவிடலாம்?

கல்மரம்
அந்தக் "குட்டி மெஷின்" பேச்சை முதலில் விடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குழப்பத்துக்கும் வேர் அதுதான். கன்டெய்னர் என்பது உங்கள் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) மேலேயே ஓடும் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோகிராம். நேம்ஸ்பேஸ் என்ற கர்னல் வசதி அதற்குத் தனி ப்ராசஸ் பட்டியல், தனி நெட்வொர்க், தனி ஃபைல் சிஸ்டம் காட்டுகிறது. மெமரிக்கும் சிபியுவுக்கும் உச்சவரம்பு போடுவது சிகுரூப். 2013-ல் டாக்கர் வருவதற்கு முன்பே இரண்டும் லினக்ஸில் இருந்தன.

சொன்னால் பதியாது, கண்ணில் காட்டுங்கள். லினக்ஸ் மெஷினில் ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) எடுத்து "ஸ்லீப் 600" (600 விநாடி சும்மா காத்திரு) என்ற கட்டளையோடு பின்னணியில் ஓடவிடுங்கள். டாக்கர் எக்ஸெக் வழியாக உள்ளே போய் "பிஎஸ்" (ஓடும் ப்ராசஸ்களின் பட்டியல்) அடித்தால் ஸ்லீப்பின் பிஐடி (ப்ராசஸ் எண்) 1. வெளியே ஹோஸ்டில் (உங்கள் மெஷினில்) "பிஎஸ்" அடித்தால் அதே ஸ்லீப் வேறொரு எண்ணோடு நிற்கும். (டெபியன் இமேஜை எடுக்காதீர்கள், அதில் "பிஎஸ்" கிடையாது.) இப்போது ஹோஸ்டிலிருந்து ரூட்டாக அந்த எண்ணைக் கில் செய்யச் சொல்லுங்கள். சாகாது. கில் அனுப்புவது சிக்டெர்ம், அதாவது 'நின்றுவிடு' என்ற சிக்னல். பிஐடி 1-க்கு அது வந்தால், அதைக் கையாளும் கோட் அந்த ப்ரோகிராமிலேயே இல்லாதவரை கர்னல் கண்டுகொள்ளாது. கில் மைனஸ் 9 (மறுக்க முடியாத சிக்கில் சிக்னல்) போட்டால் ஸ்லீப்போடு கன்டெய்னரும் போய்விடும், எக்ஸிட் கோட் 137 என்று காட்டும்: 128-உடன் சிக்கில்லின் எண் 9-ஐக் கூட்டியது.

டாக்கர் ஸ்டாப் சில சமயம் 10 விநாடி இழுப்பதும் இதனால்தான். சிக்டெர்ம் அனுப்பிக் காத்திருந்து, பிறகுதான் சிக்கில். ரன் செய்யும்போது இனிட் ஆப்ஷனை (சிக்னலைக் கடத்தும் ஒரு சின்ன ப்ரோகிராமை பிஐடி 1-ஆக வைப்பது) சேர்த்தால் ஸ்லீப் மாதிரி ப்ராசஸ்கள் உடனே நிற்கும்.

மேக்கிலோ விண்டோஸிலோ இந்த டெமோ எடுபடாது. டாக்கர் டெஸ்க்டாப் மறைவாக ஒரு லினக்ஸ் மெஷினை வைத்து அதற்குள் ஓட்டுகிறது, ஹோஸ்டின் பட்டியலில் ஸ்லீப் வராது.

வெள்ளருவி
கல்மரம் சொன்னது அத்தனையும் சரி, வரிசைதான் எனக்கு உடன்பாடில்லை. சொந்த ஆப் ஓடுவதைப் பார்த்த பிறகு கர்னல் பற்றிச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். ஒரு சின்ன ஃப்ளாஸ்க் ஆப்பும் பத்து வரிக்குள் ஒரு டாக்கர்ஃபைலும் (இமேஜைக் கட்டும் படிகள் எழுதிய ஃபைல்) போதும்.

அதில் காப்பி வரிகளின் வரிசைக்கு நேரம் கொடுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்துவிட்டு அடுத்த வரியில் பிப் இன்ஸ்டால் (தேவையான பைத்தான் பேக்கேஜ்களை இறக்குவது) போடுவார்கள். ஒவ்வொரு வரியின் பலனும் கேஷில் (அடுத்த பில்டுக்கான சேமிப்பில்) இருக்கும். ஒன்று மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் திரும்ப ஓடும். கோடில் ஓர் எழுத்து மாறினாலும் அத்தனை பேக்கேஜும் மறுபடி இறங்கும். பேக்கேஜ் பட்டியலான ரெக்கொயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் முதலில் காப்பி செய்து, இன்ஸ்டால் முடித்து, அதற்குப் பிறகு மீதிக் கோடைக் காப்பி செய்யட்டும். இரண்டு விதமாகவும் பில்ட் செய்து நேரத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். காப்பி செய்யக் கூடாதவற்றைச் சொல்லும் டாக்கர்இக்னோர் ஃபைலில் கிட் ஃபோல்டரும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிரவுசரில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் 127.0.0.1. ஃப்ளாஸ்க் இயல்பாக அந்த முகவரியில்தான் கேட்கும். கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் என்பதால் அது கன்டெய்னரின் லோக்கல்ஹோஸ்ட், உங்களுடையது அல்ல. டாக்கர் பிஎஸ் காட்டும் கன்டெய்னர் பட்டியலில் போர்ட் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பக்கம் மட்டும் வராது. ஃப்ளாஸ்க்கின் ஹோஸ்ட் ஆப்ஷனில் 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேள்) என்று கொடுத்தால் சரியாகிவிடும். போர்ட் 8080:5000 என்றால் இடது பக்கம் ஹோஸ்ட், வலது பக்கம் கன்டெய்னர். டாக்கர்ஃபைலில் எக்ஸ்போஸ் எழுதினால் மட்டும் போர்ட் திறக்காது, அது வெறும் குறிப்பு.

பனிமூட்டம்
டேட்டா விஷயத்தையும் துல்லியமாகச் சொல்லுங்கள். "கன்டெய்னர் நின்றால் டேட்டா போய்விடும்" என்று பலர் சொல்லித்தருகிறார்கள், தவறு. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் எழுதிய ஃபைல் அப்படியே இருக்கும். ரிமூவ் செய்தால்தான் போகும். டாக்கர் ரன் ஒவ்வொரு முறையும் புதுக் கன்டெய்னரை உருவாக்குகிறது, பழையது நின்றவற்றையும் காட்டும் டாக்கர் பிஎஸ் மைனஸ் ஏ பட்டியலில் சும்மா கிடக்கும். "டேட்டா காணோம்" என்பவரின் டேட்டா பெரும்பாலும் அங்கேதான். டேட்டாபேஸுக்கு ஆரம்பத்திலேயே பெயரிட்ட வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே டேட்டாவை வைக்கும் இடம்) போட்டுவிடுங்கள்.

கம்போஸ் (பல கன்டெய்னர்களை ஒன்றாக ஓட்டும் கருவி) காட்டினால் ஆப்பிலிருந்து டேட்டாபேஸைக் கூப்பிட லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் சர்வீஸ் பெயரை எழுதச் சொல்லுங்கள். வெள்ளருவி சொன்ன அதே காரணம்தான். பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸை இந்த அரை நாளில் தொடவே வேண்டாம்.

கீற்று
மூவருக்கும் நன்றி. வெள்ளருவி சொன்ன வரிசையில் போய், ஸ்லீப் டெமோவை நடுவில் வைக்கிறேன். ஒரு சந்தேகம்: சிலரிடம் எம் சிப் மேக் இருக்கிறது. அதில் பில்ட் செய்த இமேஜ் சர்வரில் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று விழுகிறது.

கல்மரம்
மேக்கில் பில்ட் ஆவது ஆர்ம் 64 வகை சிப்புக்கு, உங்கள் சர்வர் ஏஎம்டி 64 என்ற வேறு வகையாக இருக்கும். பில்ட் செய்யும்போது ப்ளாட்ஃபார்ம் ஆப்ஷனில் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று கொடுங்கள். மேக்கில் அது எமுலேஷனில் (வேறு சிப்பைப் போல நடித்து) ஓடுவதால் பில்ட் மெதுவாகும். தினமும் செய்வதாக இருந்தால் பில்டை சிஐ சர்வரிலேயே (கோட் மாறும்போது தானாக பில்ட் செய்யும் சர்வர்) வைத்துக்கொள்வது நல்லது.