ரெனினுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

வணக்கம்.

நோயாளர் கைநூலின் வரைவில் ரெனினை 'அமுக்கவேற்றி' என்று எழுதியிருக்கிறீர்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. ரெனின் தானாகக் குருதியமுக்கத்தை ஏற்றுவதில்லை. சிறுநீரகம் சுரக்கும் இந்த நொதியம் ஒரு கத்தரிக்கோல். ஈரல் சுரந்து குருதியில் விடும் அஞ்சியோதென்சினோஜன் என்ற நீண்ட புரதத்தின் தலைப்பக்கத்தில் 10 அமினோ அமிலங்களை நறுக்கி எடுக்கும். அதன் வேலை அவ்வளவே. அந்த 10 அலகுத் துண்டுக்கும் பெரிய வலு கிடையாது. பெரும்பாலும் சுவாசப்பைக் குருதிக்கலன்களின் உட்சுவரில் இருக்கும் ஏசிஈ என்ற இன்னொரு நொதியம் வாலில் 2 அலகுகளைக் கழித்து 8 ஆக்கிய பிறகே அஞ்சியோதென்சின் 2 கிடைக்கிறது. புன்னாடிகளைச் சுருக்குவதும், அதிரீனல் சுரப்பியைத் தூண்டி அல்டொஸ்தெரோன் என்ற ஓமோனைச் சுரக்கவைத்து உப்பையும் நீரையும் உடலில் நிறுத்துவதும் அதுதான்.

பெயர் பிழைத்தால் ஆய்வுகூட அறிக்கையும் பிழையாகவே வாசிக்கப்படும். ஏசிஈயைத் தடுக்கும் எனலாப்பிரில் குளிசை எடுப்பவருக்குப் பிறசர் இறங்கியிருக்கும், ரெனின் ஏறியிருக்கும். ரெனின் சுரப்பை அடக்கி வைப்பது அஞ்சியோதென்சின் 2. அது குறைந்ததும் கடிவாளம் தளர்கிறது. 'உங்களுக்கு அமுக்கவேற்றி கூடிவிட்டது' என்று படித்தால் அவர் குளிசையை நிறுத்திவிடுவார். இதற்கு நேர்மாறாக, அதிரீனல் கட்டியால் அல்டொஸ்தெரோன் மிகுந்தவருக்குப் பிறசர் உச்சத்தில் இருக்கும், ரெனின் அடிமட்டத்தில் கிடக்கும்.

'சிறுநீரக நொதியம்' என்பதும் உதவாது. விற்றமின் டீயைச் செயலூக்கும் நொதியமும் அங்கேதான் இருக்கிறது. ரெனின் வருவதோ சிறுநீரகத்தில் குருதியை வடிக்கும் கலன்கோளத்துக்குக் குருதி கொண்டுவரும் புன்னாடியின் சுவரில் உள்ள சிறுமணிக் கலங்களிலிருந்து.

ரெனின் என்றே விட்டுவிடலாமா? 1898 இல் ஸ்ரொக்ஹோமில் திகெர்ஸ்தெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டு இட்ட பெயர். ஆனால் கன்றின் இரைப்பையில் ரென்னின் என்று ஒன்று உண்டு. அச்சில் ஒரு 'ன்' கூடினால் பால் திரைந்துவிடும்!

ஆகவே என் முன்மொழிவு: ரெனின் தலைவெட்டு நொதியம், ஏசிஈ வால்வெட்டு நொதியம்.

*

உங்கள் கடிதம் கண்டேன். கருத்து சரி, சொல் வேண்டாம். கொழும்பில் கிளினிக் வரிசையில் நிற்பவர் கையில் கொடுக்கும் தாளில் 'தலைவெட்டு' என்று போட்டால் அங்கேயே பிறசர் ஏறும். 'வால்வெட்டு' அதைவிட மோசம். ஒப்புநோக்குபவர் அச்சுப்பிழை என்று எண்ணி 'வாள்வெட்டு' ஆக்கிவிடுவார். பத்திரிகையில் நாம் வாசித்துப் பழகிய சொல் அதுதானே.

வெட்டு இருக்கட்டும், வரிசையைச் சொல்லுங்கள்: முதல்வெட்டு நொதியம், இரண்டாம்வெட்டு நொதியம். 'மறுவெட்டு' சுருக்கமானதுதான், ஆனால் வெட்டிய இடத்திலேயே திரும்ப வெட்டுவதாகப் படும். இந்த வரிசையில் மருந்துகளும் தாமாக வந்து உட்காருகின்றன. அலிஸ்கிரென் முதல்வெட்டுத் தடுப்பி. கப்டோப்பிரிலும் எனலாப்பிரிலும் இரண்டாம்வெட்டுத் தடுப்பிகள். லொசாட்டன் எந்த வெட்டையும் தொடுவதில்லை, அஞ்சியோதென்சின் 2 போய் ஒட்டும் வாங்கியை அடைக்கிறது. அது வாங்கித் தடுப்பி.

*

உங்கள் 'முதல்வெட்டு', 'இரண்டாம்வெட்டு' எனக்குச் சம்மதம். ஒரு தடை மட்டும். ஏசிஈ பிரடிகைனின் என்ற வேறொரு சிறு புரதத் துண்டையும் சிதைக்கிறது. அங்கே ரெனின் முதலில் வெட்ட, ஏசிஈ இரண்டாவதாக வெட்டும் கணக்கே இல்லை. எனலாப்பிரிலால் வரும் வறட்டு இருமலுக்கு அந்தப் பிரடிகைனின் தேங்குவதே காரணம் என்கிறோம். கைநூலின் இருமல் பத்தியில் 'இதே நொதியம் வேறொரு பொருளையும் நறுக்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மருத்துவ மாணவர் நூலுக்கு இந்தப் பெயர் காணாது, அங்கே ஏசிஈ என்றே இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர், வழக்குப் பெயர் இரண்டையும் அருகருகே வைப்பதில் வெட்கமில்லை. அஞ்சியோதென்சின் என்பதே ஒரு சமரசம்: புவனோஸ் அயர்ஸ் குழு ஹைபர்தென்சின் என்றது, அமெரிக்கக் குழு அஞ்சியோதோனின் என்றது, 1958 இல் இரண்டிலும் பாதி பாதி எடுத்து ஒட்டினார்கள்.

ரெனினின் செயலற்ற முன்வடிவத்துக்கு 'முன்ரெனின்' என்று போடுங்கள், மாதிரி எடுப்பவருக்கு அது கட்டாயம் தேவை. பனிக்கட்டியில் வைத்த குழாயில் முன்ரெனின் குளிரால் செயலூக்கம் பெற்று அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். எனவே அறிவுறுத்தல் இப்படி இருக்கட்டும்: 'குருதி எடுத்த குழாயைப் பனிக்கட்டியில் வைக்க வேண்டாம். அறை வெப்பநிலையிலேயே ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, திரவவிழையத்தை (பிளாஸ்மாவை) தாமதமின்றிப் பிரித்த பின்னரே உறையவைக்கவும்.'