தர்பூசணிக் கொடி வாடிப் போகிறது

கேள்வி: அண்ணாச்சி, ராதாபுரம் பக்கம் செம்மண் காட்டில் தர்பூசணி போட்டிருக்கிறேன். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்த நேரம் ஒரு கொடி மட்டும் மத்தியானம் துவண்டு சாயங்காலம் தேறியது, நாலு நாளில் செடியே போய்விட்டது. தண்ணீர் குறையில்லை. இப்போது 12 செடி இப்படி வாடிவிட்டது.

பதில்: தம்பி, தூரில் தண்டைச் சீவிப் பாருங்கள். உள்ளே பழுப்பு ஓடினால் பியூசேரியம் வாடல்தான். மண்ணில் இருக்கும் பூஞ்சை வேர் வழியே ஏறி நீர் போகும் பாதையை அடைத்துவிடும், அதனால்தான் ஈரம் இருந்தும் வாடுகிறது.

கேட்டவர்: சீவினேன், தேங்காய் நார் நிறத்தில் கோடு ஓடுகிறது. மருந்து ஊற்றினால் தேறுமா?

இன்னொருவர்: வாடியது தேறாது, வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பூஞ்சை அந்த மண்ணில் பல வருஷம் கிடக்கும், அடுத்த வருஷம் அங்கே தர்பூசணி வேண்டவே வேண்டாம். பிறகு போடுவதானால் சுரை வேரில் ஒட்டுக் கட்டிய நாற்று நன்றாகத் தாங்கும். அப்புறம், அந்த மண்வெட்டியைக் கழுவாமல் வேறு காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.