கலைச்சொல் பரிந்துரை: மோஷன் பிளர், கேமரா ஷேக், அவுட் ஆஃப் ஃபோகஸ்

குழுவினருக்கு வணக்கம்.

ஒளிப்படச் சொல்தொகுப்பில் ‘பிளர்’ என்பதற்கு ‘மங்கல்’ என்று மட்டுமே இருக்கிறது. வெளிச்சம் குறைந்தாலும் மங்கல் என்றுதான் சொல்கிறோம். “படம் மங்கலாக வருகிறது” என்று ஒருவர் கேட்டால், விளக்கைப் போடு என்பார் ஒருவர், ஃபோகஸைச் சரிபார் என்பார் இன்னொருவர். தலைப்பில் உள்ள மூன்றும் வெவ்வேறு கோளாறுகள்.

படத்தை 100% அளவுக்குப் பெரிதாக்கினால் பிரித்தறியலாம். பூங்காவில் ஓடுபவரின் கைகால் இழுபட்டு, பின்னாலுள்ள மரம் கூர்மையாக இருந்தால், அசைந்தது ஆள். மரம், தரை, ஆள் எல்லாமே ஒரே திசையில் கோடுகோடாக இழுபட்டிருந்தால், அசைந்தது கேமரா. கோடே இல்லாமல் ஆளின் விளிம்புகள் நாலாபுறமும் கரைந்து, அவருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் துல்லியமாக இருந்தால், ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது.

என் முன்மொழிவு: அசைவு மங்கல், நடுக்க மங்கல், குவிய மங்கல்.

---

> அசைவு மங்கல், நடுக்க மங்கல், குவிய மங்கல்

ஐயா, மூன்றிலும் ‘மங்கல்’ அப்படியே நிற்கிறதே! வெளிச்சக் குழப்பம் தீரவில்லை.

அசைவால் நேர்வதை ‘தீற்றல்’ எனலாம். ஓவியத்தில் தூரிகைத் தீற்றல் என்று ஏற்கெனவே புழங்கும் சொல். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுபவர், ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறந்திருக்கும் 1/60 நொடியில் 5 செ.மீ. நகர்கிறார், அந்த 5 செ.மீ.யும் படத்தில் கோடாக விழுகிறது. 1/1000 நொடியில் 3 மி.மீ.தான். வீசும் கையும் முன்வரும் காலும் உடலைவிட விரைவாகப் போவதால், முகம் தெளிந்தும் பாதம் இழுபட்டிருக்கும். புள்ளி கோடாவது தீற்றல். ஃபோகஸ் தவறினால் புள்ளி வட்டமாக விரிகிறது. அதைத் தீற்றலில் சேர்க்கக் கூடாது.

---

நடுக்கம் என்றால் நோய் போலத் தொனிக்கிறது. முக்காலியில் வைத்த கேமராவும் காற்றில் அசையும், பொத்தானை அழுத்தும்போதும் அசையும். மக்கள் சொல்வது “கேமரா ஆடிடுச்சு”. ‘ஆட்டத் தீற்றல்’ சரிவருமா?

---

> ஆட்டத் தீற்றல் சரிவருமா?

இறகுப்பந்து ஆட்டத்தைப் படமெடுப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? மட்டை இழுபட்டதையும் ஆட்டத் தீற்றல் என்றே எழுதுவார். எது அசைந்தது என்பதைச் சொல்லிலேயே வைத்துவிடுவோம்: பொருளசைவுத் தீற்றல், கருவியசைவுத் தீற்றல். நீளம்தான். ஆனால் சொல்லைப் பார்த்ததுமே தீர்வு தெரியும்.

கருவியசைவுக்கு: ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ‘1/குவியத்தூரம்’ (குவியத்தூரம்: லென்ஸின் மி.மீ. எண்) நொடியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிட 1.5 மடங்கு சிறியதென்றால் ஏறக்குறைய 1/80. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடிப்பது, 2 நொடி டைமர், லென்ஸிலுள்ள நிலைநிறுத்தி (கை ஆட்டத்தை ஈடுசெய்யும் அமைப்பு) எல்லாம் உதவும்.

பொருளசைவுக்கு இவை எதுவும் உதவாது. நிலைநிறுத்தியை நம்பி வீட்டுக்குள் விளையாடும் குழந்தையை 1/15 இல் எடுத்தால் சுவர் கூர்மையாகவும் குழந்தை புகையாகவும் வரும். நடப்பவருக்கு 1/250, ஓடுபவருக்கு 1/500, ஸ்கிப்பிங் கயிறு தெரிய 1/1000 அல்லது அதற்கும் குறைவு என்று தொடங்கலாம். விளக்கொளியில் கைபேசி தானாக 1/30 அளவுக்கு இறங்கிவிடும். ஜன்னலருகே நகர்த்துங்கள், ஐஎஸ்ஓவை (ஒளியுணர் அளவை) 1600 அல்லது 3200க்கு ஏற்றுங்கள். படத்தில் மணல்போலப் புள்ளித்துகள் வரும், வரட்டும்; துகளைப் பிறகு குறைக்கலாம், இழுபட்ட முகத்தைச் சரிசெய்வது கடினம். குதித்தவர் உச்சியில் ஒரு கணம் நிற்பார், அப்போது அழுத்தினால் 1/125 கூடப் போதும். இரவுப் பயன்முறை பல சட்டகங்களைச் சேர்த்துப் படமாக்குவதால், அசையும் கை சில வேளை இரண்டாகத் தெரியும், அதுவும் பொருளசைவே.

மூன்றாவதற்கு ‘குவியப் பிசகு’?

---

> மூன்றாவதற்கு ‘குவியப் பிசகு’?

பிசகு வேண்டாம். உருவப்படத்தில் பின்னணியை வேண்டுமென்றேதான் கரைக்கிறோம். ‘குவிய விலக்கம்’ என்றால் குற்றமும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. பாடநூல்களில் குவியம் இருப்பதால் விளக்கவும் வேண்டாம்.

ஒரு சிக்கல். பூத்தையல், நாணயம் போன்றவற்றை மிக அருகில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஃபோகஸைப் பூட்டிய பிறகு உடல் சற்று முன்னே சாய்ந்தாலும் நூல் கரைந்துவிடும். அசைந்தது கருவி, ஆனால் கோடு விழவில்லை. ஆகவே முதன்மைச் சொல்லைத் தடயத்தை வைத்தும் (கோடா, வட்டமா), அடைமொழியைக் காரணத்தை வைத்தும் இடுவோம். மேற்சொன்னது குவிய விலக்கமே. லென்ஸின் ஒளிபுகு துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, கையை மேசையில் ஊன்றினால் பெரும்பாலும் தீரும்.

---

தொகுப்பில் ஏற்றலாம். மூன்றுக்கும் பொதுச்சொல் ‘தெளிவிழப்பு’. மென்பொருள் கட்டளைக்கு ‘மங்கலாக்கு’ நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

சைக்கிள் ஓட்டுபவரை 1/30 இல் கேமராவைத் திருப்பியபடி தொடர்ந்து எடுக்கும் பேனிங்கில் பின்னணி மட்டும் இழுபடும். நம் வரையறைப்படி அது கருவியசைவுத் தீற்றல், வேண்டுமென்றே செய்தது. அந்த உத்திக்குப் பெயர் தனி இழையில் பேசலாம்.

கைபேசி லென்ஸில் விரல் பிசுக்கு படிந்து படம் முழுக்க வெளிறுவது இந்த மூன்றிலும் சேராது. பதிவில் ஒரு குறிப்பாக மட்டும் சேர்க்கிறேன்: “விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் பரவியிருந்தால், முதலில் லென்ஸைத் துடைக்கவும்.”