தனியாக நின்ற பாவ்பாவ் மரம்

நான் இருப்பது அமெரிக்காவில், மேரிலாந்தில். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். சின்ன வயதில் கரடு ஏறி, கண் விரிந்த சீத்தாக் காய்களாகப் பார்த்துப் பறித்து வந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். இங்கே வந்தபின் அந்தப் பழம் கண்ணில் படவே இல்லை.

ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய பழைய கால்வாய்ப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். கனிந்த வாழையும் மாம்பழமும் கலந்தது போல ஒரு வாசனை. எதிரே வந்த பெரியவர் ஒருவர் குனிந்து, உள்ளங்கை அளவுப் பச்சைப் பழம் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்துக் கையாலேயே பிட்டுக் கொடுத்தார். உள்ளே மஞ்சள் சதை, பெரிய பெரிய பழுப்பு விதைகள். வாயில் வைத்ததும் “சீத்தாப்பழம்!” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அதன் பெயர் பாவ்பாவ், அதுவும் சீத்தாவும் ஒரே குடும்பம்தான். வெயில் நாட்டுச் சொந்தங்களை விட்டு வந்து, மைனஸ் 25 டிகிரிக் குளிரையும் தாங்கிக்கொண்டு இந்தக் காடுகளில் நிற்கிற சீத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதையை எடுத்து வந்து, அம்மா பூசணி விதைக்குச் செய்வது போல வெயிலில் காயவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பாவ்பாவ் விதை காய்ந்தால் செத்துவிடும். அடுத்த வருடம் விதையைக் கழுவின உடனே ஈரப் பாசியில் பொதிந்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மாதம் வைத்தேன். வசந்தத்தில் ஆழமான தொட்டியில் ஊன்றினேன். மே போனது, ஜூன் போனது, மண்ணுக்கு மேலே எதுவும் இல்லை. தொட்டியைக் கொட்டிவிடலாம் என்று விரலால் கிளறினால், வெள்ளையாக ஒரு வேர் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது! முதலில் ஆணிவேர், அப்புறம்தான் தளிர். ஜூலை கடைசியில் மூன்று கன்று தலைகாட்டின. இடம் மாற்றும்போது வேர் முறிந்து இரண்டு போய்விட்டன. மிஞ்சியதற்கு முதல் இரண்டு கோடையும் பழைய பருத்திப் புடவையால் நிழல் கட்டினேன். சின்னக் கன்றுக்கு நேர் வெயில் ஆகாது.

ஏழாம் வருடம் பூத்தது. இலை வருவதற்கு முன்பே, வெறுங்கிளையில் தலைகுனிந்து தொங்கும் கருஞ்சிவப்புப் பூக்கள். பிஞ்சு மட்டும் இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. எரு போதவில்லையோ, நோயோ என்று என்னென்னவோ செய்தேன். மரத்தில் ஒரு குறையும் இல்லை. அது தனியாக நின்றது, அவ்வளவுதான். பாவ்பாவ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது அபூர்வம். ரகம் வேறாக இன்னொரு மரம் அருகில் வேண்டும். ஒட்டுக்கன்றாக ‘ஷெனன்டோவா’ ஒன்று வாங்கி வைத்தேன். நீல் பீட்டர்சன் என்பவர் பல வருடம் தேர்ந்தெடுத்து உருவாக்கி, இந்தப் பக்கத்து ஆறுகளின் பெயரையே வைத்த ரகங்களில் அது ஒன்று. மூன்றாம் வருடம் அதுவும் பூத்தது.

இந்தப் பூவுக்குத் தேனீ பெரிதாக வருவதில்லை, ஈயும் வண்டும்தான். அவற்றை நம்பி இருக்காமல் நானே தூரிகை எடுத்தேன். பூ முதலில் பெண்ணாக இருக்கும்: நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி பச்சையாகப் பளபளக்கும். சில நாள் கழித்து மகரந்தம் பழுப்பாக உதிரும். ஒரு மரத்தின் பழுப்புப் பூவிலிருந்து எடுத்து மற்ற மரத்தின் பச்சை முடியில் தடவ வேண்டும். பத்து நாள் காலையில் வேலைக்குப் போகும் முன் அதைத்தான் செய்தேன். அந்தச் செப்டம்பரில் 23 பழம். ஒரே பூவிலிருந்து நான்கைந்து காய், சின்ன வாழைச் சீப்பு போல. முதல் பழத்தைத் தின்றபோது அழுதுவிட்டேன்.

தோலையும் விதையையும் தின்னக்கூடாது. சிலருக்குப் பழமே வயிற்றைப் புரட்டும், முதல் தடவை ஒரு கரண்டி போதும். உதிர்ந்த பழம் வெளியே இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கடைகளுக்கு வராததற்கு அதுவே காரணம்.  

இப்போது கோடையில் கறுப்பு வெள்ளை வரிக்குதிரைப் பட்டாம்பூச்சிகள் வருகின்றன. அதன் புழு பாவ்பாவ் இனத்து இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. கடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

—

அக்கா, உங்கட பாவ்பாவ் கதை வாசித்தேன். நான் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே பாவ்பாவ் என்றால் எங்கட பப்பாசிப்பழம், அதனால் முதலில் குழம்பிப்போனேன். ஆனால் கதை ஒன்றுதான். பின்வளவில் நான் வைத்த ஒரே பப்பாசி நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூத்ததே தவிர காய்க்கவில்லை. அது ஆண் மரம் என்று அம்மா போனில் படம் பார்த்தே சொல்லிவிட்டா. பெண் பூ தண்டோடு ஒட்டித் தனியாக இருக்குமாம். அதற்குப் பிறகு ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்தேன், பூத்ததும் பெண்ணை விட்டு மற்றதை வெட்டினேன், தோட்டத்துக்கு ஒரு ஆண் மட்டும் நிற்கிறது. போன வருடம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தோம். உங்கட பாவ்பாவ் விதை கொஞ்சம் அனுப்புவீர்களா?

—

தம்பி, அனுப்ப ஆசைதான். ஆனால் விதை உள்ளே வர உங்கள் நாட்டுச் சட்டம் கடுமையானது. அதோடு இந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும், பிரிஸ்பேனில் அது கிடைக்காது. நீங்கள் சீத்தா வையுங்கள். குவீன்ஸ்லாந்தில் அந்த இனத்தைத் தோப்பாகவே வளர்க்கிறார்கள். பழுத்ததும் ஒரு படம் போடுங்கள், பார்த்துக்கொள்கிறேன்.